டிராக்டருக்குப் போர்த்திய கம்பளி

ஒரு டிராக்டருக்குக் கம்பளி போர்த்தி, காற்று புகுந்துவிடக் கூடாதே என்று ஓரங்களை நாலு பக்கமும் செருகிவிட்ட மனிதன் நான். இதை என் வாயால் ஒப்புக்கொள்ள நான்கு வருடம் ஆயிற்று. கம்பளி என் கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துத் தந்தது. எங்கள் பக்கத்து வெயிலில் அதைப் போர்த்திக்கொள்ளும் சந்தர்ப்பம் எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. பீரோவின் மேல்தட்டில் இருபது வருடம் அந்துருண்டை வாசனையோடு கிடந்த அதற்குக் கடைசியில் ஒரு மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் விதித்திருந்தது.

திண்டிவனத்திலிருந்து உள்ளே தள்ளி, பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியன். நிலம், டிராக்டர், அவற்றின் கவலைகள் எல்லாம் தம்பிக்கு. அந்தக் கார்த்திகைக் கடைசியில் உர மூட்டையைத் தூக்கப் போய்த் தம்பியின் முதுகில் ஏதோ பிசகி, பாண்டிச்சேரியில் ஆபரேஷன் ஆகி, வானூரில் மாமியார் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தான். இரண்டு மாதத்துக்கு டிராக்டர் சீட்டைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைப்பு எதிரே வந்து நின்றது. முந்தின வருடம் அறுப்பு நேரத்தில் பெய்த மழையில் காயெல்லாம் செடியிலேயே முளைத்துப்போயிருந்தது. இந்த இரண்டு ஏக்கரும் தவறினால் தம்பிக்கு அந்த வருடமே இல்லை என்று அர்த்தம்.

"அண்ணா, வாடகை வண்டி பேசிடு," என்றான் போனில். "நம்ம வண்டிக்கி வயசாயிடுச்சி. புதுசா ஒரு ஆளு சொன்னா கேக்காது."

"இருபத்தஞ்சு வருஷமா எட்டாங்கிளாஸ ஓட்டிக்கினு கீறேன். ஒரு டிராக்டர ஓட்ட மாட்டனா?"

"கிளாஸு கதவ சாத்துனா உள்ளயே இருக்கும்ணா. இது அப்டி இல்ல."

நான் விடவில்லை. அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் மருத்துவ விடுப்பை ஒட்டுப்போட்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் முதுகுவலி என்று எழுதியிருந்தேன். வலி யாருடைய முதுகில் என்பதை அந்தப் படிவம் கேட்கவில்லை.

வண்டி அப்பா வாங்கியது. அது வந்தபோது நானே எட்டாம் வகுப்பில் இருந்தேன். வந்த அன்றைக்கே அதற்கு மேடு தேட ஆரம்பித்தவர் அப்பா. பேட்டரியை நம்பாத தலைமுறை அது. சாயங்காலம் வண்டியை மேட்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டால், காலையில் கல்லை எடுத்து உருட்டி, கியரில் விட்டுக் கிளப்பிவிடலாம். எங்கள் ஊரில் மேடு என்பது எளிதில் கிடைக்காத பொருள். ஏரிக்கரையிலிருந்து எங்கள் தெரு இறங்குகிற இடத்தில் இருநூறடிக்கு ஒரு சரிவு உண்டு, அவ்வளவுதான். அந்தச் சரிவின் தலை சரியாக எதிர்வீட்டு அண்ணியின் வாசலில் அமைந்துவிட்டது. ஆக, முப்பத்தைந்து வருடங்களாக எங்கள் வண்டி தூங்கி எழுவது அவர்கள் வாசலில்.

அண்ணி என்றால் ஊர் முறைக்கு அண்ணி. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். நடவு, களை, விதைப்பு எதற்கும் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறவரும் அவர்தான். எங்கள் மல்லாட்டையை ஊன்றப் போவதும் அவர் குழுதான். மற்ற மாதங்களில் வண்டி வாசலில் நிற்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. மார்கழியில் மட்டும் கதை வேறு. விடிவதற்கு முன்னால் சாணி தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். அதற்கு வண்டி நகர்ந்தாக வேண்டும். அதனால் மார்கழியில் ஐந்து மணிக்கே வண்டியைக் கிளப்பிவிடுவது அப்பா காலத்து ஏற்பாடு. கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும்போது ஒரு கையில் சாணித் தண்ணீர் வாளியும் மறு கையில் கோலமாவு டப்பாவுமாக அண்ணி வந்து நிற்பார். நான் வண்டியில் ஏறி உட்கார்வேன். மார்கழி பிறந்ததிலிருந்து பதினேழு நாள் இப்படித்தான் விடிந்தது.

முதல் நாள் கல்லை எடுத்ததும் வண்டி உருண்டு இரண்டாவது வீட்டைத் தாண்டுவதற்குள் பிடித்துக்கொண்டது. எரு அடித்தேன், ஒரு சால் உழவு ஓட்டினேன், எல்லாம் நன்றாகவே போயிற்று. நாலாம் நாள் ரேஷன் கடை வரைக்கும் போய்த்தான் கிளம்பியது. ஏழாம் நாள் சரிவு முழுதும் தீர்ந்து தண்ணீர்த் தொட்டியருகே நின்றுவிட்டது. அங்கே பல் விளக்கிக்கொண்டிருந்த நாலு பேர் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு தள்ளினார்கள். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, இருமி, யோசித்து, மறுபடி இருமி ஒருவழியாக எழுந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. மார்கழி. பனி. இன்ஜினுக்குக் குளிர்கிறது!

இதில் என் படிப்பின் பங்கு அதிகம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் வண்டியோடு வந்த கையேடு இருந்தது. அதில் குளிர்காலத்தில் இன்ஜினைக் கிளப்பும் முறை பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பக்கங்களை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆவி காட்டிப் பிரித்துப் படித்தேன். சாவியைச் சூடேற்றும் நிலைக்குத் திருப்பி இருபது வினாடி பிடிக்க வேண்டும் என்றிருந்தது. பத்து நாள் பிடித்தேன். இன்ஜினைச் சூடேற்றும் அந்த ஒயரை அப்பா எப்போதோ பிடுங்கி மோட்டார் கொட்டகை விளக்குக்குப் போட்டுவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. பத்து நாளும் சூடானது என் கட்டைவிரல் மட்டுமே.

கையேடு போதாமல் போனில் வீடியோக்கள் பார்த்தேன். பனி முழங்கால் வரை கிடக்கிற தேசங்களில் தாடிக்காரர்கள் தங்கள் டிராக்டர்களைக் குழந்தையைப் போலக் கவனித்துக்கொண்டார்கள். ஒருவர் இன்ஜினுக்குக் கீழே குண்டு பல்பு எரியவிட்டார். நானும் எரியவிட்டேன். அந்த மார்கழியில் ஊரிலேயே கதகதப்பாகத் தூங்கியவை எங்கள் தெருநாயும் அதன் மூன்று குட்டிகளும்தான். இன்னொருவர் காற்று போகும் குழாயின் மேல் வெந்நீர் ஊற்றினார். நானும் ஒரு குண்டான் வெந்நீரோடு இருட்டில் தெருவைக் கடந்தேன். பிறகு கம்பளி.

இத்தனைக்கும் கையேட்டின் அந்த அத்தியாயம், வெப்பம் ஐந்து டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களுக்கு என்றுதான் ஆரம்பித்திருந்தது. எந்தப் புத்தகத்திலும் முன்னுரையைத் தாண்டிக் குதிப்பது என் வழக்கம். எங்கள் ஊரில் இருபது டிகிரிக்கே ஆம்பிளைகள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, பொம்பிளைகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உலகம் உறைந்துவிட்டதைப் போலப் பேசுவார்கள். அந்தப் பேச்சை நான் வண்டிக்கும் பொருத்திவிட்டேன்.

வெந்நீர்க் குண்டானைப் பார்த்துவிட்டு அண்ணி கேட்டார்:

"இன்னா கொயந்தனாரே, வண்டிக்கி எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டறியா? சீயக்கா கலந்து தரட்டா?"

"குளிரு அண்ணி. டீசல் எறங்கல."

"டீசல் எறங்கலியா? என் வாசல்ல வந்து பாரு, எப்டி எறங்கிக் கீதுன்னு. ராவெல்லாம் சொட்டுது. நானும் தெனம் சாணி தெளிக்கிறேன், அது தெனம் டீசல் தெளிக்கிது. மாவு ஒட்ட மாட்டேங்குது."

"பழைய வண்டி அண்ணி, அப்டித்தான். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"வண்டிய பொறுத்துக்கலாம். ஓட்டுற ஆளத்தான் பொறுத்துக்க முடியல. ஜல்தி எடு, விடிஞ்சிடும்."

இதை அவர் தினமும் ஏதாவது ஒரு வடிவத்தில் சொன்னார். நானும் தினமும் மன்னிப்புக் கேட்டேன். மரியாதையாக, அழகான வாக்கியங்களில். வாசல் அழுக்காகிறதே என்று ஒரு பெண்ணுக்கு வருத்தம் இருக்கும்தானே என்று பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். அண்ணியின் கோலத்தைத் தினமும் போனில் படம் எடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கை பெரிய கை. மாவு ஒட்டாத அந்தக் கறையையும் அவர் வீணாக்கவில்லை, கோலத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டார். முதல் வாரம் அது ஒரு கிளியின் கண். பிறகு ஒரு பூவின் நடு. கிறிஸ்மஸை ஒட்டிய ஒரு நாள் குத்துவிளக்கின் எண்ணெய்க் குழி. புத்தாண்டன்று வாழ்த்து எழுதிய பெரிய பானை ஒன்றின் கரிபிடித்த அடிப்பாகம். நான் இவற்றையெல்லாம் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டு, "குறையையும் கலையாக்கும் கை" என்று கீழே ஒரு வரி எழுதினேன். பள்ளியில் சக ஆசிரியர்கள் இதயம் போட்டார்கள்.

தம்பிக்கு மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்று தினமும் கேட்பான். நாலு பேர் தள்ளி, வெந்நீர் ஊற்றி, ஒருவழியாகக் கிளம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்புவேன். "சூப்பரா கீதுண்ணா" என்று பதில் வரும். கிளம்புவதற்கு முந்தைய அரை மணி நேரத்தின் சத்தத்தை ஒரு தடவை அனுப்பியிருந்தால் அவன் படுத்த இடத்திலிருந்தே நோயைச் சொல்லியிருப்பான்.

திண்டிவனத்தில் எங்கள் மெக்கானிக்குக்கும் போன் செய்தேன். அவர் கத்தோலிக்கர். கடை வாசலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தவர், "கிறிஸ்மஸ் முடிஞ்சி வர்றேன் சார்," என்றார். கிறிஸ்மஸ் முடிந்து கூப்பிட்டேன். "நியூ இயர் பூசை முடிஞ்சி வந்துடறேன் சார். வண்டி இன்னா பண்ணுது?" என்று கேட்டார். "குளிர்தான், பெரிசா ஒண்ணுமில்ல," என்றேன். குளிருக்கு மெக்கானிக் எதற்கு அவசரப்பட வேண்டும்? அவரும் அவசரப்படவில்லை.

மார்கழி பதினேழாம் நாள் நிலம் பதத்துக்கு வந்தது. முந்தின நாள் மாலை மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தேன். பிடித்தால் உருண்டையாக நின்றது, விட்டால் உதிர்ந்தது. கடைசி உழவு ஓட்டிவிட்டால் பின்னாலேயே பெண்கள் விதை ஊன்றலாம். வாடைக்காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது; இரண்டு நாள் விட்டால் மேல்மண் காய்ந்துவிடும். மறுபடி தண்ணீர் பாய்ச்சிப் பதம் பார்க்க ஒரு வாரம் ஆகும். தோல் உடைத்து வைத்த விதைப் பருப்பு அதுவரை முளைப்பு தாங்காது. மூன்று மாலை உட்கார்ந்து அண்ணியும் அவர் ஆட்களும் உடைத்த பருப்பு.

அன்று காலை கல்லை எடுத்தேன். வண்டி உருண்டது. இரண்டாவது வீடு, ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கடந்து போயின. இன்ஜின் மூச்சு விடவில்லை. பல் விளக்குகிறவர்கள் தள்ளினார்கள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுத் தள்ளினார்கள். செல்ஃப் போட்டுப் போட்டுப் பேட்டரியும் படுத்துவிட்டது. ஏழு மணிக்குச் சோற்றுத் தூக்குகளோடு பன்னிரண்டு பெண்களும் வந்து நின்றார்கள்.

"இன்னாங்கடி பாத்துக்கினு கீறீங்க, தூக்க கீழ வெச்சிட்டுக் கைய குடுங்க," என்றார் அண்ணி. பன்னிரண்டு பேரும் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். மாரியம்மன் கோயில் வரை தள்ளினார்கள். ஒருத்தி, "சாமிக்கித் தேர் இழுத்தாக்கூட புண்ணியம்," என்றாள். இன்னொருத்தி, "சாரு எறங்கிக்கினாருன்னா கொஞ்சம் லேசா இருக்கும்," என்றாள். நான் இறங்கிக்கொண்டேன். அப்படியும் கிளம்பவில்லை.

வாடகை வண்டிக்காரர்கள் மூன்று பேருக்குப் போன் செய்தேன். எல்லா நிலமும் ஒரே நாளில்தானே பதத்துக்கு வருகிறது. "நாளன்னிக்கு," என்றார்கள் மூன்று பேரும். தம்பி சொன்ன அன்றைக்கே பேசியிருந்தால் கிடைத்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தம்பியிடமிருந்து செய்தி: "இன்னாண்ணா, சத்தம் அனுப்பல?"

நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் அனுப்பிய சத்தத்தையே மறுபடி அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது. "அண்ணா, நேத்து கூவுன சேவலே இன்னிக்கும் அதே எடத்துல கூவுது. அப்பாலிக்கா அண்ணி உன்ன அதே வார்த்தையில திட்டறாங்க. வண்டி ஓடலதான?"

"ஓடலடா."

அவன் ஒன்றும் திட்டவில்லை. "வெதை உடைச்சிட்டாங்க இல்ல," என்று மெதுவாகச் சொன்னான். பிறகு, "மெக்கானிக்க நான் கூப்புடறேன்," என்று வைத்துவிட்டான். பதினேழு நாளில் எனக்கு உண்மையாகக் குளிர்ந்தது அப்போதுதான்.

முக்கால் மணி நேரத்தில் மெக்கானிக் வந்துவிட்டார், கிறிஸ்மஸுக்கு எடுத்த புதுச் சட்டையோடு. நான் குளிரை விளக்கினேன். வெந்நீர், பல்பு, கம்பளி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சார், இது குளிருன்னா ஊட்டியில கீற வண்டிங்க இன்னா சார் பண்ணும்? வெள்ளப் புகை வந்துச்சா? டீசல் குழாயி ஏர் வாங்குது. எங்கனா ஒழுவுதா?"

"இல்ல," என்றேன் உறுதியாக.

பின்னால் நின்ற பன்னிரண்டு பெண்களில் யாரோ இருமினார்கள். அண்ணி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராவுல எங்க நிறுத்துறீங்க?"

தெருவில் ஏறி அண்ணியின் வாசலுக்குப் போனோம். அன்றைக்குப் போட்டிருந்தது யானை. தும்பிக்கையில் பூமாலை. கறை இப்போது கண்ணும் இல்லை, பானையும் இல்லை. யானையின் வயிறு முழுக்க அதுதான். மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, யானையின் வயிற்றை ஒரு விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார்.

"டீசல் வெளிய வர்ற வழியாத்தான் சார் காத்து உள்ள போவும்."

நான் போனை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கிளியின் கண், பூ, விளக்கு, பானை, யானை. பதினேழு நாள் நோயின் வளர்ச்சி தேதி வாரியாக என் சட்டைப் பையில் இருந்தது. பலருக்கும் காட்டியிருந்தேன். இதயங்கள்கூட வாங்கியிருந்தேன்.

வண்டிக்குத் திரும்பி வந்து பார்த்தால், டீசல் ஃபில்டருக்குப் போகும் குழாயின் முனையில் ஒரு செம்பு வாஷர், கால் கட்டைவிரல் நகத்தளவு, நசுங்கிக் கிடந்தது. மெக்கானிக் புதிதாக ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டு முறுக்கினார். ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்திவிட்டு, "பம்ப் அடிங்க சார்," என்றார். பம்பைக் கையால் அடித்தேன். திருகின் இடுக்கில் நுரை நுரையாக வந்தது. வரவர நுரை குறைந்து, கடைசியில் தேன் நிறத்தில் சுத்தமான டீசல் வழிந்தது. திருகை இறுக்கினார். தம் பைக்கில் கொண்டுவந்திருந்த பேட்டரியைச் சேர்த்து, செல்ஃபைத் தொட்டார். அரைச் சுற்று சுற்றுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகை கறுப்பாக ஒரு தடவை வந்து, பிறகு கண்ணுக்கே தெரியவில்லை. பெண்கள் தூக்குகளை எடுத்துக்கொண்டு நிலத்தை நோக்கி நடந்தார்கள். நான் வண்டிமேல் இருந்தபடியே சத்தத்தைப் பதிவு செய்து வானூருக்கு அனுப்பினேன். புதிய சத்தம். சேவல் இல்லாதது.

சூரியன் மறைவதற்குள் இரண்டு ஏக்கரும் ஊன்றி முடிந்தது. என் உழவு நேராக இல்லை. முளைத்து வந்தபோது மல்லாட்டை வரிசைகளெல்லாம் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனின் நடை மாதிரி இருந்தன. தை கடைசியில் இடுப்புப் பட்டையோடு வந்து பார்த்த தம்பி, களை வெட்ட வருகிறவர்கள் இந்தக் கோணல் யாருடையது என்று தெரிந்துகொள்ளட்டும் என ஊர் முழுக்கச் சொல்லிவைத்தான், "இது எங்கண்ணன் கையெயுத்து" என்று. ஆனால் காய் நன்றாகவே பிடித்தது.

இப்போது தம்பி புது வண்டி வாங்கிவிட்டான். அது கொட்டகைக்குள் சமதரையில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது, சொல்ல ஒன்றுமில்லை. பழையது பின்னால் தென்னை மரத்தடியில் இருக்கிறது, தேவைக்கு எடுப்பான். மார்கழி விடுமுறையில் ஊருக்குப் போனால் ஐந்து மணிக்கு எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. தெருவில் பனி இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. சாணி தெளிக்கும் சத்தத்தோடு சேர்ந்து வருகிற டீசல் புகை வாசனை மட்டும் இல்லை. வாயில் பிரஷ்ஷோடு வண்டி தள்ளிய நாலு பேரில் இரண்டு பேரை இப்போது கல்யாணம் கருமாதியில்தான் பார்க்கிறேன். வண்டி கிளம்பாத நாட்களில்தான் அந்தத் தெருவில் எல்லோரையும் பார்த்துப் பேசியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. கம்பளி திரும்பவும் பீரோவில்; இப்போது அதில் அந்துருண்டை வாசனை இல்லை, டீசல் வாசனை. என் மனைவி அதை வெளியே எறியச் சொல்கிறாள். நான் எறியவில்லை.

அந்த வருடம் பொங்கலன்று காலை அண்ணி வாசலில் கலர்மாவு கலந்துகொண்டிருந்தார். கறை அநேகமாகக் காய்ந்து மறைந்திருந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பதினேழு படங்களையும் காட்டினேன். ஆசிரியனாயிற்றே, கொஞ்சம் விரிவாகவே பேசினேன். ஒரு இன்ஜினின் நோயை நாள்வாரியாக வரைந்து வைத்த ஆள் அவர் என்றும், நான்தான் படிக்கத் தெரியாமல் இருந்துவிட்டேன் என்றும், கடைசியில் அவர் கோலத்தைப் படித்துத்தான் வண்டி பிழைத்தது என்றும் சொன்னேன்.

அண்ணி கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து, உள்ளே இருந்த தம் வீட்டுக்காரருக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

"பதினேயு நாளா ஒழுவுது ஒழுவுதுன்னு வாயால கத்தனேன், அது காதுல ஏறல. கோலத்தப் படிச்சாராம், கோலத்த!"